ராய்ஸுக்கு ஒதுக்கிய குதிரை

சாயங்காலம் ஆறரை மணி. செப்டம்பர் கடைசி. அந்த நேரத்துக்கெல்லாம் மலை நிழல் பாதையை மூடிவிடும், உங்களுக்கே தெரியும். முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் வண்டி இல்லை. சக்கரத்தடியில் சரளைக்கல் அரைபடும் சத்தம் மட்டும்... அந்தப் பாதையில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போனாள் டார்லா.

நம் டீன் இருக்கிறானே, அவனுடைய சித்தி. அவன் அம்மா நடீனுக்குக் கூடப் பிறந்தவள் இவள் ஒருத்திதான். நான் சொல்லப்போவதில் பாதி, டார்லா பண்ணையிலிருந்து போனில் அக்காவிடம் சொன்னது. மீதி, குதிரைக்காரர் பாய்ட் பிற்பாடு வந்து சொன்னது. என் பங்குக்கு நான் ஒன்றும் சேர்க்கவில்லை. அடுப்பில் இன்னொரு கட்டையைப் போடுங்கள்... ஆமாம், கதவையும் பாருங்கள்.

டார்லாவின் புருஷன் ராய்ஸ் அந்த மார்ச் மாதம் செத்துப்போனார். வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும். கையை ஓங்கினதில்லை, குரலை உயர்த்தினதில்லை. ஆனால் டார்லா என்ன சாப்பிடுவாள் என்று ஓட்டலில் அவர்தான் சொல்வார். தலைமுடியை எவ்வளவு வெட்டலாம் என்று அவர்தான் சொல்வார். கோடை விடுமுறை என்றால் அவர் தம்பி வீட்டு ஏரிக்கரை, அதே கொசு, அதே கட்டில். வேறெங்காவது போகலாமா என்று இவள் ஒருமுறை கேட்டாள். "எங்களுக்கு அங்கதான் பிடிக்கும்" என்று தம்பியிடம் போனில் சொல்லிவிட்டார். எங்களுக்கு. அந்த ஒரு வார்த்தைக்குள் அவள் பல வருஷம் குடியிருந்தாள்.

அவர் போன பிறகு அவளுக்கு அழுகை வரவில்லை. நிம்மதியும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி முழு உடம்பும் இருந்தது. தொட்டால் தெரியும், உறைக்காது.

நடீன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் சுற்றுலாக் கம்பெனிகளின் வண்ணத்தாள்களை அள்ளிக்கொண்டு வந்து சமையலறை மேஜையில் கொட்டினாள். கப்பல் பயணம், வெந்நீர் ஊற்று, மலையில் குதிரைப் பண்ணை.

"எடுடி. ஏதாவது ஒண்ணு. நான் சொல்ல மாட்டேன், நீதான் எடுக்கணும்."

"நீயே சொல்லேன் அக்கா."

"வாயைத் திறந்தா என் நாக்கு அழுகிப் போயிடட்டும். எடு."

டார்லாவின் கை மேஜைக்கு மேலே அப்படியே நின்றது. காப்பி ஆறிப்போயிற்று. ராய்ஸ் உட்காரும் நாற்காலியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு குதிரைப் படத்தின் மேல் விரலை வைத்தாள். ராய்ஸுக்குக் குதிரை என்றாலே ஆகாது, காசு கொடுத்துச் சாணி மோப்பதா என்பார். அதற்காகத்தான் எடுத்தாளா என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் பண்ணைக்குப் போன் செய்தாள். பண்ணைக்காரி ஹெட்டிதான் எடுத்தாள். கலகலப்பான பொம்பளை.

"எத்தனை பேர் வர்றீங்க கண்ணு?"

"நாங்க ரெண்டு பேர்."

வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. பழக்கம். ஹெட்டி அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். உயரம் என்ன, எடை என்ன, முன்னே பின்னே குதிரை ஏறிப் பழக்கம் உண்டா... வருகிறவர்களுக்கு ஏற்ற குதிரையை முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும் அல்லவா, எல்லாப் பண்ணையிலும் கேட்பதுதான். டார்லா தன்னுடையதைச் சொன்னாள். "வீட்டுக்காரர்?" என்றாள் ஹெட்டி. டார்லா அதையும் சொன்னாள். ஆறடிக்கு மேல், நல்ல கனம், குதிரை பழக்கமில்லை. போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. திரும்பக் கூப்பிட்டுத் திருத்தியிருக்கலாம். கூப்பிடவில்லை. அதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

அப்படித்தான் அந்தச் சாயங்காலம் அவள் போய் இறங்கினபோது, சாப்பாட்டு மேஜையில் அவள் பக்கத்தில் இன்னொரு தட்டும் இருந்தது. மான்கறிக் குழம்பு கமகமத்தது.

"அவர் எங்கேம்மா?" என்றாள் ஹெட்டி.

"அவர் வரலை."

பின்னால் வருவார் போலிருக்கிறது என்று ஹெட்டி எடுத்துக்கொண்டாள். தட்டு அங்கேயே இருந்தது.

பாய்ட் ரொம்ப ஒழுங்கான ஆள். ஒருவருக்கு என்று ஒரு குதிரையை ஒதுக்கிவிட்டால், அந்த வாரம் முழுக்க அது அவருடையதுதான், வேறு ஆளை ஏற்ற மாட்டார். டார்லாவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை. ராய்ஸுக்கு எலும்பு பெருத்த செம்பழுப்புக் குதிரை. இரண்டும் ஒன்றாக வளர்ந்தவை. ஒன்றை விட்டு ஒன்றைக் கொண்டுபோனால் மிச்சமிருப்பது வேலியை முறிக்கும். அதனால் ஆள் வராவிட்டாலும் செம்பழுப்புக் குதிரைக்கும் சேணம் பூட்டி, பின்னாலேயே வரும்படி விட்டார்.

சீசன் முடிகிற நேரம். வேறு விருந்தாளிகள் என்று ஒரு வயசான தம்பதி மட்டும், அவர்கள் வராந்தாவை விட்டு நகரவில்லை. ஆகவே முன்னால் பாய்ட், அடுத்து டார்லா, கடைசியில் காலிச் சேணத்தோடு அந்தக் குதிரை. மலைப்பாதை குறுகல். முன்னால் போகிறவர் இடுப்பைத் திருப்பிப் பின்னால் பார்த்தால் குதிரையும் தடுமாறும். அதனால் இந்தப் பக்கத்து ஆட்கள் திரும்பிப் பார்ப்பதில்லை, குரல்தான் கொடுப்பார்கள்.

"பின்னால இருக்கீங்களா மேடம்?"

"இருக்கோம்" என்றாள் டார்லா.

முதல் நாள் பூராவும் அப்படித்தான் சொன்னாள். அவளுக்கே தெரியாமல்.

அன்று சாயங்காலம் சேணத்தைக் கழற்றிக்கொண்டிருந்த பாய்ட் அவளைக் கூப்பிட்டார். கையில் செம்பழுப்புக் குதிரையின் சேணத்துக்கு அடியில் போடும் கம்பளி. வியர்வையில் நனைந்து, நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"உங்க வீட்டுக்காரர் எப்ப வந்தாரு மேடம்? நான் கவனிக்கவே இல்லையே."

டார்லா அந்தக் கம்பளியையே பார்த்தாள்.

"ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. இடது பக்கமா சாஞ்சு உக்கார்றாரு. இதோ, இங்க பாருங்க, இந்தப் பக்கம்தான் அழுந்தியிருக்கு. நாலு நாள் இப்படி உக்காந்தா முதுகு புண்ணாயிடும், பாவம் வாயில்லாத ஜீவன். கொஞ்சம் நேரா உக்காரச் சொல்லுங்க."

இடுப்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து ராய்ஸ் இடது பக்கமாகத்தான் சாய்ந்து உட்காருவார். வீட்டு சோபாவே அந்தப் பக்கம் குழிந்து கிடக்கிறது.

"சொல்றேன்" என்றாள் டார்லா.

ராத்திரி நடீனுக்குப் போன் செய்தாள். குரலில் பயம் இல்லை, அதுதான் தன்னைப் பயமுறுத்தியது என்று நடீன் பின்னால் சொன்னாள். காய்கறி வாங்கினதைச் சொல்வது போலச் சொன்னாளாம்.

"காலையிலேயே கிளம்பி வந்துடு டார்லா. நான் சொல்றேன்."

"நீயும் சொல்லாத அக்கா. இது நான் எடுத்த லீவு. என் வாழ்க்கைலேயே நானா எடுத்தது இது ஒண்ணுதான். இதையும் அவர்கிட்டக் குடுத்துட்டு வந்தா, அப்புறம் என்கிட்ட எதுவும் இல்லை."

"அப்ப உண்மையைச் சொல்லு அவங்ககிட்ட. வாயால சொல்லு."

காலையில் சொன்னாள். ஹெட்டி ரொட்டி வைத்துக்கொண்டிருந்தாள். "அவர் வர மாட்டார். மார்ச்சில செத்துட்டார். நான் ஒருத்திதான்." ஹெட்டியின் கை நின்றது. பிறகு பக்கத்துத் தட்டை எடுத்துக்கொண்டு போய், டார்லாவின் தட்டில் இரண்டு பேருக்கான முட்டையை வைத்தாள். டார்லா அத்தனையும் சாப்பிட்டாள். பசி என்ற ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் ஞாபகம் வந்ததாம்.

அதற்கப்புறம் இரண்டு நாள்... நல்ல நாள்கள். ஹெட்டி சொல்லிப் பாய்டுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. செம்பழுப்புக் குதிரையின் கம்பளி காய்ந்தே இருந்தது. பாய்ட் குரல் கொடுத்தால், "இருக்கேன்" என்று சத்தமாகச் சொன்னாள். அதைச் சொல்லிப் பார்க்கவே அவளுக்குப் பிடித்திருந்தது. சில நேரம் அவர் கேட்காமலே சொன்னாள். வெயில் கையில் சுட்டது, அது சுடுகிறது என்று தெரிந்தது. போனில் ஒருமுறை சிரித்தாள். நடீன் ரிசீவரை வைத்துவிட்டு அழுதாள்.

அடுத்த நாள் கணவாய்க்குப் போனார்கள். செம்பழுப்புக் குதிரையின் சேணத்தில் சாப்பாட்டுப் பையையும் மழைக்கோட்டையும் தொங்கவிட்டிருந்தார் பாய்ட். உச்சியில் உட்கார்ந்து சாப்பிடும்போது, இது தானே எடுத்த லீவு என்று பாய்டிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது.

"மழையையும் நீங்கதான் எடுத்தீங்களா மேடம்?"

"அதுவும் சேர்த்துத்தான் எடுத்தேன்" என்றாள். நன்றாகவே சிரித்தாளாம்.

இறங்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பெட்டைக் குதிரை நொண்டியது. பாய்ட் இறங்கி முன்காலைத் தூக்கிப் பார்த்தார். குளம்பில் கல் குத்தி ரத்தம். ஆளை வைத்துக்கொண்டு அது இறங்காது. இடி கிட்ட வந்துவிட்டது. மழையோடு பனிக்கட்டியும் விழுந்தது.

"நீங்க அதுல ஏறிக்கங்க" என்றார், செம்பழுப்பைக் காட்டி.

"நான் நடந்தே வரேன்."

"இந்த மொட்டைப் பாறையில மின்னல்ல நடக்கறதா? விளையாடாதீங்க. என் குதிரை புது ஆளை ஏத்தாது. அதுதான் சாது."

"வேண்டாம் பாய்ட்."

"மேடம், ஏறுங்க."

யாராவது அந்தக் குரலில் சொன்னால் அவள் செய்துவிடுவாள். அத்தனை வருஷப் பழக்கம். ஏறினாள். உட்கார்ந்ததும் அவள் முகத்தில் இருந்ததெல்லாம் துடைத்துவிட்ட மாதிரிப் போனது என்கிறார் பாய்ட்.

"சேணம் சூடா இருக்கு" என்றாள்.

"குதிரைச் சூடு மேடம்."

சொல்லிவிட்டாரே தவிர... சூடு கம்பளியைத் தாண்டி, அத்தனை தடித்த தோலைத் தாண்டி, பனிக்கட்டி விழுகிற மேல்பக்கத்துக்கு வராது. அது அவருக்குத் தெரியும். அப்போது யோசிக்க நேரமில்லை. நொண்டிக் குதிரையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அவர் தன் குதிரையில் முன்னால் போனார்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

ஒரு வளைவு. மழை காதை அடைத்தது.

"மேடம், இருக்கீங்களா?"

பதில் வரக் கொஞ்சம் நேரமானது. "இருக்..." பிறகு, அமைதியாக, "இருக்கோம்."

அந்தப் பாதையில் பாய்ட் அன்றைக்கு ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மின்னல் வெட்டிய நேரம். டார்லா இரண்டு கையாலும் சேணத்தின் முன்கொம்பைப் பிடித்திருந்தாள். கடிவாள வார் குதிரையின் கழுத்தில் கிடக்கவில்லை. அவள் இடுப்புக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளி, விறைப்பாக, அந்தரத்தில் நின்றது. அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து யாரோ பிடித்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

மழையில் கண் ஏமாற்றும் என்று சொல்லிக்கொண்டார். முன்னால் பார்த்து ஓட்டினார். அதற்கு மேல் குரலும் கொடுக்கவில்லை. கொடுக்கத் தைரியம் வரவில்லை என்று அவரே சொல்கிறார், நான் சொல்லவில்லை.

பண்ணை முற்றத்துக்கு வந்து திரும்பினால், பின்னால் யாரும் இல்லை.

மறுபடி மலையேற வேறு குதிரையை அவிழ்க்கப் போனவர், கொட்டகைக்குப் பின்னால் டார்லாவின் காரில் விளக்கு எரிவதைப் பார்த்தார். வேலிக் கம்பத்தில் செம்பழுப்புக் குதிரை கட்டியிருந்தது. வேர்த்து, நுரை தள்ளி. அந்தக் கணவாய்க்கு ஒரே வழிதான். அது அவரைத் தாண்டிப் போகவும் இல்லை.

டார்லா காருக்குள் இருந்தாள். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில். பெல்ட் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் பெட்டி பின்சீட்டில் இருந்தது. அதை யார் எடுத்துவந்தார்கள் என்று ஹெட்டிக்கும் தெரியவில்லை, அவள் அடுப்படியை விட்டு நகரவே இல்லை.

"மேடம்... உங்க லீவு இன்னும் முடியலையே" என்றார் பாய்ட்.

"கிளம்பலாம்னுட்டாரு" என்றாள் டார்லா.

குரலில் வருத்தம் இல்லை. ஒன்றுமே இல்லை. அதிர்ச்சியில் இருக்கிறாள், இந்த மழையில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடப் போகிறாள் என்று பாய்டுக்குப் பயம். சாவியைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்து ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தார். டார்லா குள்ளம், ஸ்டியரிங்கை நெஞ்சில் அணைத்தபடி ஓட்டி வந்தவள். சீட்டை யாரோ கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தார்கள். சீட்டில் ஈரம் இருந்தது.

சாவிக்குக் கையை நீட்டினார். டார்லா அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே, திறந்திருந்த கதவுப் பக்கம் பார்த்தாள்.

"கொஞ்சம் எந்திரிங்க பாய்ட்" என்றாள். "அவருக்குக் காத்துகிட்டு நிக்கப் பிடிக்காது."

பாய்ட் எழுந்தார். ஏன் எழுந்தோம் என்று இன்றுவரை அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கதவை அவர் சாத்தவில்லை. வீட்டைப் பார்த்து நடந்தார்... பத்தடி போயிருப்பார். பின்னால் கார்க் கதவு மெதுவாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு என்ஜின்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.