புத்தக அலமாரி ஒட்டிய கதவு

டீ போடுவது சாதாரண வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பாத்திரத்தை எடுப்பதிலிருந்து அடுப்பை அணைப்பது வரை அதற்குள் எத்தனை சில்லறை வேலைகள் என்பது நோயாளிகளை அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் எங்களைப் போன்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளுக்குத்தான் தெரியும். மறதி நோய் வந்தவர் தனியாக இருக்கலாமா என்று முடிவு செய்ய, அவர் வீட்டுச் சமையலறையிலேயே அவரை டீ போடச் சொல்வோம். பக்கத்தில் நிற்போம், உதவ மாட்டோம். என் ஆராய்ச்சியே இதைப் பற்றித்தான்.

என் கணவருக்கு மறதி தொடங்கியிருந்தது உண்மை. அதை நான் உண்டாக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுவார், அவ்வளவுதான். அதற்குள் மகள் தன்னோடு வந்துவிடும்படி கூப்பிட்டாள். பகலில் அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள், தனியாக இருந்துகொள்வாரா என்பது மட்டும்தான் கேள்வி. என்னையும் கூப்பிட்டாளா என்கிறீர்கள். ஒப்புக்குக் கூப்பிட்டாள். அவர் விசில் அடித்துக்கொண்டே சட்டைகளை மடித்து வைத்தார். எனக்கு அது பொறுக்கவில்லை.

சொந்தக்காரரை நானே சோதிக்கக் கூடாது என்பதால் என்னோடு வேலை பார்க்கும் பெண் வந்தாள். அன்று காலையில் டீத்தூள் டப்பாவை வேறு தட்டுக்கு மாற்றினேன். சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டினேன். மறதி உள்ளவர்கள் வீட்டில் எந்தப் பொருளும் இடம் மாறக் கூடாது என்று எத்தனையோ குடும்பங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னவள் நான். அவர் காலிப் பாத்திரத்தோடு நின்று, "ஏம்மா, இது நம்ம வீடுதானே?" என்று கேட்டார். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை.

மகள் வீட்டுப் பயணம் நின்றது. அதற்குப் பிறகும் மாற்றிக்கொண்டே இருந்தேன். கட்டிலை எதிர்ச்சுவருக்குத் தள்ளினேன். செருப்பு, துண்டு, தண்ணீர்ச் சொம்பு எதுவும் வைத்த இடத்தில் இருக்காது. அடி இல்லை, மருந்து இல்லை, ஒரு சுடுசொல் இல்லை. தேடித் தேடி ஓய்ந்து, கடைசியில் என் கையைப் பிடித்துக்கொள்வார். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பிடித்ததில்லை.

முதியோர் இல்லங்களில் வாசல் கதவின் மேல் புத்தக அலமாரிப் படம் ஒட்டுவதுண்டு. கதவு கண்ணில் படாவிட்டால் வெளியே போகும் தவிப்பு அடங்கும் என்பார்கள். நானும் ஒட்டினேன். கைப்பிடியைக் கழற்றி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்; அதைத் திருகாமல் கதவு திறக்காது. அவர் அதன் முன்னால் நின்று ஒவ்வொரு புத்தகமாக உருவப் பார்ப்பார். "எப்படி வெளிய போறது? யாராவது லிஃப்ட்ல மாட்டியிருப்பாங்க," என்பார். நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு அதே சுவர்களுக்குள்தான் கிடந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கை சும்மா இருந்தால் பதற்றம் கூடும், பழைய தொழிலைக் கையில் கொடுங்கள், மனம் மறந்தாலும் கை மறக்காது என்பது என் ஆராய்ச்சியின் முடிவு. அதனால் அவருடைய ஸ்க்ரூடிரைவர் பையை எடுத்துக் கொடுத்தேன். பழைய சுவிட்ச் பெட்டி ஒன்றைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருப்பார். நல்ல தெரபிஸ்ட் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.

மகளிடம், நீ வந்து போனால் அப்பா குழம்பிப்போகிறார் என்று சொல்லி வைத்திருந்தேன். நம்பினாள். அம்மா இந்தத் துறையில் இருப்பவள் ஆயிற்றே. ஆனால் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாள். அழைப்புமணியை நான் முன்பே துண்டித்திருந்ததால் கதவைத் தட்டியிருக்கிறாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். அவர் குளியலறை வாசலுக்கு வந்து, "ஏம்மா, பாப்பா அலமாரிக்குள்ள மாட்டிக்கிட்டா," என்றார்.

யாரும் இல்லை, போய் உட்காருங்கள் என்றேன். அதுவரை நான் சொல்லி அவர் கேட்காமல் இருந்ததில்லை. நான் வெளியே வந்தபோது மண்டியிட்டு, படத்தைக் கிழித்து, கைப்பிடி இருந்த துளைக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டிருந்தார். "பயப்படாதம்மா. கதவ விட்டுத் தள்ளி நில்லு. இதோ திறந்துடறேன்," என்றார். எத்தனையோ பேருக்கு அவர் சொன்ன வார்த்தைகள் அவை.

கதவு திறந்ததும் அவர் வெளியே போகவில்லை. மகளை உள்ளே இழுத்து, "மூச்சு முட்டுச்சா?" என்று கேட்டார். அவள் கதவில் தொங்கிய காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் உங்களிடம் சொன்னது அத்தனையும் சரி. எல்லாம் நான் செய்ததுதான். ஆனால் அடைத்து வைத்தேன் என்று புகாரில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள். அந்தக் கதவை நான் ஒருநாளும் பூட்டியதில்லை.