கரும்பு வரிசை விலகிய மத்தியானம்

—மோதரத்தக் கய்ட்டி எங்கையில குடுத்துட்டு, ‘மெர்லின்கிட்ட சேத்துடுண்ணா’ன்னு சொன்னா நா இன்னான்னு நெனைக்கிறது டென்னிசு?

—ஒண்ணுமில்ல கொளஞ்சியண்ணா. வெரலு வீங்கிக்கினு இருக்குது. நீ போயி உன் கட்டவண்டியப் பாரு. உம்மாடு என் டிரெய்லர் கரும்பத் துன்னுக்கினு இருக்குது.

—துன்னட்டும். இழுத்துக்கினு வந்த மாட்டுக்கு அந்தப் பாத்தியத கூட இல்லியா? டிராக்டர் சாவியக் குடு.

—எதுக்கு சாவி? லைன் நவுந்தா வண்டிய எடுக்கணும்.

—எங்க நவுர்து? காத்தாலேருந்து ஆலைக்கு முன்னாடி நிக்கிறவனே இன்னும் நின்ன எடத்துலதான் நிக்கிறான். சாவியக் குடு. ம். இப்ப கொஞ்சம் தள்ளி ஒக்காரு, நானும் ஏறிக்கிறேன். மாட்டு வாலையே பாத்து ஓட்டினவன், ஒரு நாளு டிராக்டர்ல ஒக்காந்து பாக்கறேன்.

—வெளாடாதண்ணா.

—சரி, வெளாடல. தோ பாரு தம்பி. காத்தாலேருந்து உன்னப் பாத்துக்கினுதான் இருக்கேன். டீ வாங்கிக் குடுத்தேன், கையில வெச்சுக்கினே ஆற வுட்டுட்ட. இப்ப மோதரத்த குடுக்கற. என்னப் பாத்து சொல்லு. உசுர வுட்டுடலாம்னு நெனப்பு வருதா?

—அதெல்லாம் எதுக்குண்ணா கேக்குற.

—வருதா?

—வருதுண்ணா.

—எப்பலேருந்து?

—ரொம்ப நாளா. இன்னிக்கு ஜாஸ்தி.

—அப்பா. சொல்லிட்ட இல்ல, அது போதும்.

—உனக்குக் கோவம் வரலயா?

—காய்ச்சல்னு சொல்றவன் மேல கோவம் வருமாடா?

—எனக்கு இன்னாண்ணா கொறை? மெர்லின் தங்கம். புள்ள நல்லா படிக்குது. மாமனாரு பெத்த புள்ளையாட்டம் பாக்குறாரு. ஒரு காரணம் இருந்தாலாவது யார்கிட்டனா சொல்லிக்கலாம். கோயில்ல முட்டி போட்டும் பாத்துட்டேன். ஒரு கொறையும் இல்லாதவனுக்கு இப்டி தோணுதேன்னுதான் வெக்கமா இருக்குது.

—ஒரு கொறையும் இல்லாதவனுக்கு மஞ்சக்காமால வர்றதில்லியா? அது உன் வூட்டுல அரிசி இருக்குதா, பொண்டாட்டி நல்லவளான்னு கேட்டுக்கினா வருது? தோ பாரு, உங்காளுங்க ஜெபம் பண்ணா போயிடும்பாங்க, எங்காளுங்க மந்திரிச்சா போயிடும்பாங்க. ரெண்டையும் அப்பறம் பாத்துக்கலாம். இப்ப போன் போடறேன்.

—மெர்லினுக்கு வாணாண்ணா. பயந்துடும்.

—மெர்லினுக்கு அப்பறம். எம்பொண்ணு கலையரசி ஸ்கூல் சுவத்துல ஒரு நம்பர் எழுதிப் போட்டிருக்காங்க. ஒண்ணு நாலு நாலு ஒண்ணு ஆறு. போறப்ப வர்றப்ப படிச்சுப் படிச்சு மனப்பாடமா நிக்குது.

—போலீசு வருமா?

—போலீசு எதுக்குடா வர்து, நீ இன்னா ஊரான் மாட்டையா ஓட்டிக்கினு போன? மனசு சரியில்லாதவங்க பேசுறதுக்கு வெச்சிருக்கிற நம்பரு. இரு, ரிங் போவுது. ஸ்பீக்கர்ல போடறேன்.

—வணக்கம், நிர்மலா பேசறேங்க. சொல்லுங்க.

—அம்மா, மூங்கில்துறைப்பட்டுலேருந்து பேசறோம். சக்கர ஆலைக்கு வெளியில கரும்பு லோடோட நிக்கிறோம். எம்பக்கத்துல ஒரு தம்பி, பேரு டென்னிசு, டிராக்டர் டிரைவரு. உசுர வுட்டுடணும்னு தோணுதாம் அவனுக்கு.

—கூப்பிட்டது ரொம்ப நல்லதுங்கண்ணா. இப்ப அவர் பக்கத்துலயே இருக்கீங்களா?

—ஒரே சீட்டுல ஒட்டிக்கினு ஒக்காந்திருக்கோம். வண்டிச் சாவி எம்மடியில.

—அப்படியே இருங்க. அவரத் தனியா மட்டும் விடாதீங்க. டென்னிஸ், நான் பேசறது கேக்குதுங்களா?

—கேக்குது மேடம்.

—இப்ப எப்டி இருக்கு உங்களுக்கு? உள்ளது உள்ளபடி சொல்லுங்க.

—நெஞ்சு மேல மூட்டய வெச்சாப்புல இருக்குது. படுத்தா தூக்கம் கெடையாது. வண்டிய ஸ்டார்ட் பண்ணும்போதே, இன்னிக்கு எதுக்கு விடிஞ்சுதுன்னு தோணுது மேடம்.

—இது உங்க தப்பு இல்லங்க. மருந்துக்கும் பேச்சுக்கும் கேக்கற நோய்தான். கள்ளக்குறிச்சி கவர்மெண்ட் ஆஸ்பத்திரில மனநல டாக்டர் இருக்காங்க. நான் இப்பவே சொல்லி வைக்கிறேன். இன்னிக்கே பாத்துடலாமா?

—எப்டி மேடம் வர்து? எறங்கினா டர்ன் போயிடும். நாளைக்கு வரேன்.

—டர்ன்னா என்னங்க?

—நா சொல்றேம்மா. இங்க ஒரு சட்டம். டிரைவரு வண்டிய வுட்டுட்டுப் போனா அவன் லோடு கடேசிக்குப் போயிடணும். கல்யாணமோ கருமாதியோ, ஒருத்தனும் ஒருத்தனுக்கு எடம் வுட மாட்டான். எம்பின்னாடி நிக்கிறானே தங்கதுரை, அவனுக்குப் பொண்ணு பொறந்துச்சுன்னு சேதி வந்தப்பகூட லோட எறக்கிட்டுத்தான் போயி புள்ள மூஞ்சியப் பாத்தான்.

—எங்க மாமனாரு கரும்பு மேடம். அந்தோணிதாஸ் மாமா என்ன நம்பி ஏத்தி வுட்டது. கடேசிக்குப் போனா வெயில்ல காஞ்சி எடை கம்மியாயிடும். அவருக்கு நா இன்னா பதில் சொல்றது?

—கரும்பு காஞ்சா அடுத்த வருஷம் வெளையும் டென்னிஸ். அவர் பொண்ணுக்கு நீங்க ஒருத்தர்தான். நாளைக்கு வேணாம், இன்னிக்கே. ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன்.

—எங்கம்மா வர்து அது? ரோட்டுலேருந்து இங்க வரைக்கும் டிராக்டரும் கட்டவண்டியும் மூக்கும் முதுகுமா நிக்குது. சைக்கிளு கூட பூராது.

—அவர் நடந்து ரோடு வரைக்கும் வர முடியுங்களா?

—கால் வரல மேடம். எறங்கினா வுழுந்துடுவேன்னு இருக்குது. எல்லாரும் வேற பாப்பாங்க.

—வழி விடச் சொல்லிக் கேட்டுப் பாப்பீங்களாண்ணா?

—கேட்டா வுட மாட்டானுங்கம்மா. செஞ்சுதான் காட்டணும். நீங்க இவன்கிட்ட பேசிக்கினே இருங்க. டென்னிசு, தோ பின்னால எம்மாட்டாண்டதான் போறேன். திரும்பி என்னையே பாத்துக்கினு இரு.

—அண்ணா, எங்க போற? அண்ணா.

—நான் லைன்லதான் இருக்கேன் டென்னிஸ். அவர் என்ன பண்றாருன்னு பாத்து எனக்குச் சொல்லுங்க.

—மாட்டுக் கயித்தப் புடிச்சு இழுக்கறாரு. வண்டிய லைன வுட்டு வெளிய திருப்பறாரு. ஐயோ, பள்ளத்துப் பக்கம் ஓரங்கட்டிட்டாரு மேடம். அவரு டர்ன் போச்சு. எனக்காவ போச்சு.

—அவரா விரும்பிப் பண்ணினது டென்னிஸ். நீங்க பண்ணல. இன்னும் சொல்லுங்க.

—தங்கதுரை கத்துறான். ‘யோவ், லைன ஒடைக்கிறியா’ன்னு கேக்குறான். அண்ணன் அவன் வண்டி மேல கால வெச்சு ஏறி காதுல சொல்றாரு. என்னக் கையக் காட்டறாரு. போச்சு மேடம், எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.

—தெரிஞ்சா என்ன ஆகுதுன்னு பாத்துடுவோம். அந்த தங்கதுரை என்ன பண்றார்?

—என்னையே பாக்குறான். ஆரன் அடிக்கிறான். வுடாம அடிக்கிறான்.

—எனக்கே கேக்குதுங்க.

—அவனுக்குப் பின்னாடி இருக்கறவனும் அடிக்கிறான். அதுக்கும் பின்னாடி. கடேசி வரைக்கும் ஆரன் போவுது மேடம். ரோட்டோரம் ஒரு வண்டி நவுருது. பின்னால போவுது.

—பின்னாலயா?

—ரெவர்சு மேடம். லோடு டிரெய்லர ரெவர்சு எடுக்கறானுங்க. மாட்டு வண்டிக்காரங்க பள்ளத்துல எறக்கறாங்க. ஒவ்வொன்னா... ரோடு தெரியுது மேடம். நா வண்டி புடிச்ச நாள்லேருந்து இந்த எடத்துல ஒருத்தன் பின்னால போயி பாத்ததில்ல. எனக்காவ மேடம். எனக்காவ எடுக்கறானுங்க.

—அழறீங்களா டென்னிஸ்?

—ஆமா மேடம்.

—அழுங்க. நான் இங்கயேதான் இருக்கேன்.

—இன்னாம்மா, அழ வெச்சுட்டீங்களா எங்க ஆள? நல்லதாப் போச்சு. டென்னிசு, கேளு. உன் லோட தங்கதுரை வண்டியில வெச்சு... சே, எனக்கே நாக்கு கொழறுது. உன் டிராக்டர தங்கதுரை நவுத்துவான். எடம் உன் எடந்தான், எவனும் பூரக் கூடாதுன்னு சொல்லிட்டான். எதுத்துப் பேசினா டயர்ல காத்த புடுங்குவானாம்.

—மெர்லினுக்குத் தெரிஞ்சா...

—தெரியும். நாந்தான் இப்ப தங்கதுரை போன வாங்கி அதுங்கிட்ட பேசினேன். ஒரு வார்த்த கோச்சுக்கல. சங்கராபுரத்துல ரோட்டுல வந்து நிக்குதாம், ஆம்புலன்சுல ஏறிக்குமாம். ‘அவரு இருந்தா போதும், வேற எதுவும் எனக்கு வாணாம்’னுச்சு. தோ, வண்டி வந்துடுச்சு பாரு. எறங்கு.

—எறங்க முடியாதுண்ணா.

—கல்ராயன் மல வளைவுல மரவள்ளிக் கெழங்கு லோடு எறக்கிக்கினு வந்தவன், தோ இந்த டிராக்டர்லேருந்து எறங்க மாட்டியா? என் தோளப் புடி. அப்டித்தான். மோதரத்த நீயே போட்டுக்க. வெரலு ஒண்ணும் வீங்கல.

—விசில் அடிக்கிறானுங்கண்ணா.

—அடிக்கட்டும். தேரு நெலைக்கு வந்தா விசில் அடிக்காம இன்னா பண்ணுவாங்க?

—போயிட்டு வரேண்ணா.

—‘போயிட்டு வரேன்’னு சொன்ன பாரு, அந்த வார்த்தைக்குத்தான்டா இவ்ளோ பாடு. போயிட்டு வா.

—அண்ணா, லைன்ல இருக்கீங்களா? ஏறிட்டாருங்களா?

—ஏறிட்டாம்மா. ஆம்புலன்சுல வந்த பொண்ணு அவன் கையப் புடிச்சுக்கினு ஒக்காந்திருக்குது. ரோட்டுக்குப் போயிட்டாங்க. இங்க அவனவன் பழையபடி எடத்துக்கு வந்துக்கினு இருக்கான். எம்மாட்டுக்கும் எடம் வுட்டு வெச்சிருக்கானுங்கம்மா.

—ஆஸ்பத்திரில டாக்டர் காத்துக்கிட்டு இருக்காங்க. நாளைக்கு நானும் டென்னிஸ்கிட்ட பேசறேன். ஒரு உயிரக் காப்பாத்திட்டீங்கண்ணா. போயி ஒரு டீ குடிங்க. வெச்சிடட்டுங்களா?

—வெச்சிடாதீங்கம்மா. அவனப் பாத்ததுமே எனக்கு எப்டித் தெரிஞ்சுதுன்னு ஒருத்தருமே கேக்கல. எனக்கும் அதே நெனப்புதாம்மா. அவனே எறங்கிட்டான், இன்னிக்கு நானும் சொல்லிடறேன்.