அஜிகேயின் கன்னங்கள்

முகச்சவரம் செய்துகொள்ள எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டதில்லை. கன்னத்தில் ஓடும் கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்தாலே சவரக் கத்தி எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும். இன்று காலை உங்கள் காவலர் ஒருவர் கண்ணாடி கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மரியாதை தெரிந்த மனிதர்.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன். என் பெயர் ஓயேவூமி. நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இபாதான் ஊரின் கிழக்குப் பக்கத்தில் உள்ள எல்லைக் கற்களில் பாதி என் கண்முன்னே நட்டவை. ஒரு கோடு எங்கே போக வேண்டுமோ அங்கேதான் போக வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான்.

எங்கள் வீட்டாருக்குக் கன்னத்துக்கு நான்கு கோடுகள். காதுப் பக்கம் தொடங்கி மூக்கை நோக்கிப் படுக்கைவாட்டில் வரும். போர்க் காலத்தில் சிதறிப்போன குழந்தைகளை எங்கள் முன்னோர் அந்தக் கோடுகளை வைத்துத்தான் தேடிக் கண்டுபிடித்தார்கள். உங்கள் முகத்தில் கோடு இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. உங்களுக்கு வேறு வழி இருந்திருக்கும்.

அஜிகே என் மூத்த மகள். பெயர் சூட்டிய சில நாட்களில் அவளுக்குக் கோடு போட்டோம். கோடு போடுவது ஓகுண்டிரான் குடும்பத்தாரின் தொழில். அன்று வெட்டியவர் இப்போதைய ஓகுண்டிரானின் அப்பா. குழந்தையின் தலையை என் முழங்கால்களுக்கு நடுவே நான்தான் பிடித்துக்கொண்டேன். நத்தையின் நீரைத் தடவி, கரித்தூளைப் பூசினார்கள். புண் ஆறியபோது நான்கு கோடுகளும் அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி தட்டையாக இருந்தன. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கத்தி அவள் தோலை வீங்க வைக்கவில்லை.

அடுத்த இரண்டு பிரசவங்களுக்கும் என் மனைவி அவளுடைய அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பையன்களுக்குப் பல் முளைத்த பிறகுதான் திரும்பி வந்தாள். காலம் மாறிவிட்டது என்றாள். நான் சண்டை போடவில்லை. ஆக, என் பிள்ளைகளில் எங்கள் முகத்தோடு இருந்தவள் அஜிகே ஒருத்திதான்.

அவள் லாகோஸில் ஆசிரியையாக இருந்தாள். பூனை பிராண்டின டீச்சர் என்று பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவதாக ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். மீன் விற்கிறவள் ஒருத்தி, எந்தச் சிறுத்தையோட சண்டை போட்டே என்று கேட்டாளாம். நானும் சிரித்தேன். அவள் சிரித்ததை நம்பியது என் தவறு. போன வருடம் யாரிடமும் சொல்லாமல் அங்கே ஓர் அழகு மருத்துவமனைக்குப் போய், கோடுகள் இருந்த தோலை அறுத்தெடுத்துத் தைத்துக்கொண்டாள்.

ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்தபோது வழக்கம்போல என் முன்னால் மண்டியிட்டு வணங்கினாள். முக்காட்டை எடுக்கவில்லை. எடு என்றேன். எடுத்தாள். தையல் போட்ட இடமெல்லாம் தழும்பு கயிறு மாதிரி தடித்து எழும்பி, பளபளவென்று, காதுக்குக் கீழே ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. அரிப்பு தாங்காமல் அவள் கைக்குட்டையில் பனிக்கட்டியைச் சுற்றி ஒத்திக்கொண்டே இருப்பாள். வீட்டில் இருந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள். சாப்பிடும்போது வாயைப் பாதிதான் திறக்க முடிந்தது. என் மனைவி அமாலாக் களியைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து வைப்பாள்.

நாங்கள் மூவரும் இங்கே பெரிய மருத்துவமனையில் டாக்டர் இக்பேமேயைப் பார்த்தோம். கடற்கரைப் பக்கத்து அம்மாள். பொறுமையாகப் பேசுவார். இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். தழும்புக்குள்ளேயே மாதாமாதம் ஊசி போடுவது. மேலே சிலிகான் தாளை ஒட்டி வைப்பது. இரவெல்லாம் அழுத்தப் பட்டை கட்டிக்கொள்வது. கொஞ்சம் அடங்கிய பிறகு நிறத்துக்கு லேசர். எதுவுமே உடனே பலிக்காது என்றார். அஜிகே அவர் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"சதையோட போனாலும் பரவாயில்ல டாக்டர். வழிச்சு எடுத்துடுங்க."

"அதை மட்டும் கேக்காதம்மா. வெட்டினா உடனே கதிர்வீச்சு கொடுத்தாகணும், அப்பவும் உத்தரவாதம் இல்ல. சும்மா வெட்டி விட்டா, இப்ப இருக்கறதைவிடப் பெருசா வளரும்."

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். குழந்தையில் வெட்டியபோது ஏன் வளரவில்லை? குழந்தைத் தோல் வேற, பெரியவங்க தோல் வேற ஐயா என்றார். படித்தவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பார்கள். வேற்றுக் கத்தி பட்டதால் தோல் முரண்டு பிடிக்கிறது, சொந்தக் கத்தி பட்டால் அடங்கும் என்று எனக்குத் தோன்றியது. அதை அங்கே சொல்லவில்லை. ஒரு பெண்ணின் அறையில் உட்கார்ந்து வாதாடுவது எனக்குப் பழக்கமில்லை.

ஊசி ஆரம்பித்தது. என் மனைவிதான் கூட்டிக்கொண்டு போய் வந்தாள். கெட்டியான தழும்புக்குள் மருந்தை ஏற்றுவது சாமானிய வலி இல்லையாம். கட்டில் கம்பியைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள் என்று சொன்னாள். அரிப்புக்குக் கொடுத்த மாத்திரை தூக்கத்தையும் கொடுத்தது. ஊசி என்ன செய்தது என்பதைப் பற்றி நீங்கள் கேட்டால் பிறகு சொல்கிறேன்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் குலத்தின் மொகாஜி இறந்துபோனார். குலம் முழுவதற்கும் தலைவர் அவர். அடுத்த இடம் என்னுடையது. பட்டம் ஏற்கும் நாளில் மொகாஜியின் பெண்மக்கள் ஒரே துணியில் உடுத்திக்கொண்டு, முகத்தை மூடாமல், கூட்டத்துக்கு முன்னால் ஆடி வர வேண்டும். நாள் குறிக்க வந்த பெரியவர்களில் என் பங்காளி லாதேஜோவும் இருந்தார். சுவரில் மாட்டியிருந்த என் பையன்களின் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மொகாஜி வீட்ல கோடு போட்ட முகம் ஒண்ணாவது மிச்சம் இருக்கா, இல்ல எல்லாத்தையும் லாகோஸ் சோப்பு போட்டுக் கழுவியாச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பானம் ஊற்றிக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு வெகுநேரம் அந்த அறையிலேயே நின்றுகொண்டிருந்தேன். நெஞ்சில் யாரோ முட்டுக் கொடுத்து நிறுத்திவைத்த மாதிரி இருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று பட்டது. எனக்கு முன்னால் எத்தனையோ பேர் அந்த முகத்தைச் சுமந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். என் கையிலிருந்து அது எங்கே போகும்?

ஒரு தகப்பனாக நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அதையும் செய்தேன். அஜிகேயிடம் கேட்டேன். கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஓகுண்டிரானை வரச் சொல்லலாம், பழைய இடத்திலேயே பழையபடி போட்டுவிட்டால் தழும்பு கோட்டுக்குள் அடங்கிவிடும், யார் கண்ணையும் உறுத்தாது என்று விளக்கிச் சொன்னேன். அவள் ஈரத்துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, என் முகத்தை ரெண்டு தடவை வெட்டியாச்சு. மொதல் தடவை என்னை யாரும் கேக்கல. ரெண்டாவது தடவை நான் உங்களைக் கேக்கல. அதோட கணக்குத் தீந்துபோச்சு. இனிமே கத்தி வேண்டாம்."

மரியாதையோடுதான் சொன்னாள். சொல்லிவிட்டு மண்டியிட்டு எழுந்துபோனாள். நான் அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை. வலிக்குப் பயப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பயத்துக்கு மருந்து வீட்டிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவி தேவாலயத்துக்குப் போனாள். பாடகர் குழுவில் இருப்பதால் மதியம்தான் திரும்புவாள். அஜிகேக்கு நானே சோளக்கஞ்சி காய்ச்சினேன். பால், சர்க்கரை, அவளுடைய அரிப்பு மாத்திரைகளில் ஒரு கைப்பிடி. அப்பா கையால கஞ்சியா, வெளியில மழை கொட்டப்போகுது என்று கேலி செய்தபடி குடித்தாள். கொஞ்சம் கசக்குது என்றாள். பாத்திரத்தின் அடி பிடித்துவிட்டது என்றேன்.

ஓகுண்டிரான் வந்தபோது அவள் கூடத்துப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் தரையில் படிய விழுந்து என்னை வணங்கினார். பிறகு அவளைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"அவங்களே கேட்டாங்களா, பெரியவரே? வயசு வந்தவங்கன்னா அவங்க வாயால சொல்லணும். எங்கப்பா அதை விட்டதே இல்ல."

"கேட்டா. வலி தாங்க மாட்டேன்னு மாத்திரை போட்டுட்டுப் படுத்திருக்கா."

"எழுந்தப்புறம் வரட்டுமா?"

அவருடைய வீட்டு மனை எங்கள் குலம் கொடுத்தது, அதன் எல்லையை அளந்தவன் நான் என்பதை நினைவூட்டினேன். குரலை உயர்த்தவில்லை. அவர் கத்தியை எடுத்துத் துடைத்தார். அவரை நீங்கள் அடுத்த அறையில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். விட்டுவிடுங்கள். நான் சொன்ன பொய்யை நம்பியதைத் தவிர அவர் எதுவும் செய்யவில்லை.

அவள் தலையை என் முழங்கால்களுக்கு நடுவே வைத்துப் பிடித்துக்கொண்டேன். கனமாக இருந்தது. வலது கன்னம் ஒழுங்காக முடிந்தது. இடது கன்னத்தில் மூன்றாவது கோடு போய்க்கொண்டிருக்கும்போது அவள் பாதி விழித்தாள். கண் நேராக நிற்கவில்லை. என் கை என்று தெரிந்துகொண்டு அதை இறுகப் பிடித்தாள்.

"அப்பா, யாரோ என்னை வெட்டறாங்க. என்னைப் பிடிச்சுக்குங்க."

"பிடிச்சிருக்கேன் அஜிகே. அசையாதே."

அவள் அசையவில்லை. என்னை நம்பினாள். எப்போதுமே சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்தான். ஓகுண்டிரான்தான் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். ஒரு கன்னத்தில் நான்கு, மறு கன்னத்தில் மூன்று என்றால் அது எந்த வீட்டுக் குறி என்று கேட்டேன். மீதி ஒன்றையும் போடச் சொன்னேன். போட்டார்.

என் மனைவி வந்து பார்த்ததும், மருத்துவமனையில் அஜிகேயின் வயிற்றைக் கழுவியதும், பிறகு நடந்ததும் உங்களிடம் எழுத்தில் இருக்கும். புண் ஆறத் தொடங்கியதுமே தழும்பு முன்பைவிடத் தடித்து வளர்ந்துவிட்டதாகவும், இடது கண்ணின் கீழ் இமையை இழுப்பதாகவும் சொன்னார்கள். இனி என்ன வழி இருக்கிறது என்று அந்த டாக்டர் இப்போது சொல்ல மறுக்கிறாராம். பட்டத்தை லாதேஜோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அஜிகே தானே நடந்து வந்து என் மேல் புகார் கொடுத்தாள் என்று கேள்விப்பட்டேன். முக்காடு போட்டிருந்தாளா என்று உங்களைக் கேட்க நினைத்தேன். வேண்டாம்.

பிள்ளைகளுக்குக் கோடு போடக் கூடாது என்று சட்டம் இருப்பது எனக்குத் தெரியும். என் மகள் சின்னப் பிள்ளை இல்லை. அவள் முகம் விகாரமாகக் கிடந்தது, அதைச் சீராக்க எனக்குத் தெரிந்த ஒரே வழியைத் தேர்ந்தெடுத்தேன் என்றுதான் வக்கீல் எழுதிக் கொண்டுவந்தார். வாசித்துப் பார்த்தேன். நல்ல எழுத்து. நானும் இவ்வளவு நேரம் ஏறக்குறைய அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நீங்கள் இப்போது மேசைமேல் வைத்திருக்கும் படத்தை வக்கீல் பார்த்திருக்க மாட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம் டாக்டர் எடுத்தது என்கிறீர்கள். ஆமாம், அஜிகேதான். ஊசி பலித்திருந்தது. வலது கன்னம் முழுக்கவே அடங்கிவிட்டது. இடது பக்கம் காதோரம் மட்டும் கொஞ்சம் மினுமினுப்பு. அந்த வாரம் அவள் கண்ணாடிகளைத் திருப்பி நேராக வைத்தாள். விழாவுக்கு முக்காடு இல்லாமலே வருகிறேன் அப்பா என்று சந்தோஷமாகச் சொன்னாள். அந்த முகத்தில் அவள் அம்மாவின் சாயல் இருந்தது. எங்கள் சாயல் எதுவும் இல்லை.

இதைப் பார்த்தீர்களா, பார்த்த பிறகுமா என்று கேட்கிறீர்கள். பார்த்தேன். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால், எங்கே வெட்டுவது என்றே ஓகுண்டிரானுக்குத் தெரிந்திருக்காது.