படகு அங்கேயேதான் நிற்கிறது

தாம்பரத்தில் ரயில் நிற்பதற்கு முன்பே இறங்கிவிடுகிற ஆள் நான். ஊரப்பாக்கத்தில் ஏறி, பெருங்களத்தூர் தாண்டியதுமே எழுந்து வாசலுக்கு வந்துவிடுவேன். காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டே பிறந்தவன் என்பாள் அம்மா. இப்போதும் பாருங்கள், நீங்கள் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் அடுத்ததைச் சொல்லிவிடுகிறேன். மன்னியுங்கள் சார், வாக்குமூலத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

கடலுக்குப் போகும் ஃபைபர் படகுகளில் எங்கள் கம்பெனி ஒரு பெட்டி பொருத்தியிருக்கிறது. படகு எங்கே இருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். ஆபத்தென்றால் அதிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். குப்பத்துக் கரையிலிருக்கும் அறையில் மணி அடிக்கும். நடுவில் இருப்பது எங்கள் சர்வர். அது தனி இயந்திரம் இல்லை, ஒரு பெரிய இயந்திரத்துக்குள் ஓடும் மெய்நிகர்க் கணினி. அதைப் பழைய இயந்திரத்திலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டியிருந்தது, ஓட்டம் நிற்காமலே. பால் பொங்கிக்கொண்டிருக்கும்போதே அடுப்போடு வீடு மாறுவது மாதிரி.

மாறும்போது ஏதாவது செய்தி தவறுகிறதா என்று பார்க்கத் தானியங்கிச் சோதனை ஒன்று உண்டு. எழுதியவன் வாஜித். குரோம்பேட்டைக்காரன், என் பக்கத்து நாற்காலி. கணினிக்குள்ளேயே பொய்ப் படகுகளைக் கூட்டமாகக் கிளப்பிவிடுவான். அவை செய்தி அனுப்பிக்கொண்டே இருக்க, சர்வரை நகர்த்துவான். காலையில் ஓடவிட்டால் சாப்பாட்டு நேரம்வரை ஓடும். ஒரு வரியைத் திருத்தினால் மறுபடி முதலிலிருந்து. திரையில் அந்தப் பட்டை ஊர்வதைப் பார்த்தாலே எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

அதனால் வேகமாக்கினேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. நகர்த்தும் நேரத்தில் மட்டும் பொய்ப் படகுகளை நிறுத்திவைத்தேன், நகர்ந்ததும் ஓடவிட்டேன். டீ ஆறுவதற்குள் சோதனை முடிந்தது. எல்லாம் பச்சை. மேலாளர் சரிதா மேடம் குரூப்பில் கைதட்டினார். வாஜித் மட்டும் என் பக்கம் திரும்பினான்.

"மச்சான், நிறுத்தி வச்சு நகர்த்துனா அதுக்குப் பேரு டெஸ்ட்டா? லாரில பீரோ ஏத்துற வேலைடா அது. பழையபடி மாத்து."

"மாத்திடறேன்டா, டென்ஷன் ஆவாத."

மாற்றவில்லை. வாங்கிய கைதட்டலை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

நிஜ சர்வரை மாற்றும் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. புயல் எச்சரிக்கை விலகி, அன்றுதான் படகுகளெல்லாம் ஒன்றாகக் கடலில் இறங்கியிருந்தன. வாஜித் ஜும்மாவுக்குக் கிளம்பும்போது, "நான் வந்ததும் ஆரம்பிக்கலாம், தொடாத" என்று சொல்லிவிட்டுப் போனான். தொழுகை முடிந்து வரும் நேரம்தான். அதுகூட எனக்குத் தாங்கவில்லை. பச்சைதான் காட்டுகிறதே, இன்னும் என்ன என்று ஆரம்பித்துவிட்டேன்.

பாதியில் சிக்கிக்கொண்டது. படகுகளின் செய்தி குவியக் குவிய, நகர்த்த வேண்டியதும் கூடிக்கொண்டே போனது. கடைசியில் பழைய பக்கம் நின்றுவிட்டது, புதிய பக்கம் எழவில்லை. ரத்து செய்ய ஒரு பொத்தான் உண்டு. அழுத்தியிருந்தால் பழையது அப்போதே ஓடத் தொடங்கியிருக்கும். ஆனால் ரத்து செய்தால் ஏன் என்று கேட்பார்கள், என் சோதனையைத் திறந்து பார்ப்பார்கள். எனக்குப் பயமாக இருந்தது. தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

அப்போது போன் வந்தது. குப்பத்து அறையில் திரையைப் பார்த்துக்கொள்ளும் அங்காளம்மா. அவர் கணவர் கோதண்டமும் அன்று கடலில் இருந்தார்.

"தம்பி, எங்க வூட்டுக்காரரு ஃபைபர் போட்டு அப்பிடியே நிக்கிது. நகரவே மாட்டேங்குது. இன்னா ஏதுன்னு பாரேன்."

புதிதாக எதுவும் வராமல் அவர் திரையே செத்துக் கிடந்தது என்று எனக்குத் தெரியும்.

"அங்கயே நிக்குதுன்னா நல்லதுதாம்மா. வலை விட்டிருப்பாரு. ஒண்ணும் பேஜார் இல்ல."

"காத்து வேற ஏறிக்கினு வருது. எங் கொழுந்தன் போட்டு ரெடியா கீது, அனுப்பிப் பாக்கட்டா?"

"வேணாம்மா. ஆபத்துன்னா மணி அடிச்சிருக்குமே."

"அதுவுஞ் செரிதான். நீ சொன்னா செரி தம்பி."

நிம்மதியாகத்தான் போனை வைத்தார். என் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

வாஜித் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து திரையைப் பார்த்தான். என்னைத் தாண்டிக் கையை நீட்டி ரத்து செய்தான். பழைய சர்வர் உடனே எழுந்தது. வழியில் தேங்கிக் கிடந்ததெல்லாம் வந்து விழுந்தது. அவற்றுக்கு நடுவே வரிசை வரிசையாகக் கோதண்டத்தின் சிவப்புப் பொத்தான். மனிதர் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். குப்பத்தில் மணி அடித்து, கொழுந்தன் போய்ச் சேர்ந்தபோது படகு கவிழ்ந்து கிடந்தது. கோதண்டம் மறுநாள்தான் கரை ஒதுங்கினார்.

"உன் அவசரம் ஒரு ஆளைக் கொன்னுடுச்சுடா" என்று வாஜித் எல்லோர் முன்னாலும் சொன்னான். நீங்களும் அப்படியே எழுதியிருக்கிறீர்கள், இங்கிருந்தே தெரிகிறது. மற்றதெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். அவசரம் என்கிற அந்த ஒரு வார்த்தையை மட்டும் திருத்துங்கள் சார். அங்காளம்மா போனை வைத்த பிறகு, வாஜித் வரும்வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை. நகம்கூடக் கடிக்கவில்லை. கையெட்டும் தூரத்தில் பொத்தான் இருந்தும் தொடவில்லை. பிறந்ததிலிருந்து நான் பொறுமையாகக் காத்திருந்தது அன்று ஒரு நாள்தான்.