அம்மன் சுனைத் தண்ணீரைக் காய்ச்சலாமா?

இந்த ஆடித் திருவிழா மேடைக்குத் தலைமை தாங்கி, தாங்க முடியாத முழங்கால் வலியையும் தாங்கி வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் இருசம்மாள் அவர்களே! அம்மனுக்கு அன்றாடம் விளக்கேற்றும் பூசாரி பச்சமுத்து அவர்களே! மழையென்றும் பாராமல் மலையேறி வந்து மருந்து கொடுக்கும் செவிலியர் ஜெயம்மாள் அவர்களே! காட்டு வேலையில் கருத்து, கல்வராயன் மலைக் காற்றில் சிரித்து, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! பின்வரிசையில் இன்னும் பீடியை அணைக்காத பெரியோர்களே! உங்கள் அனைவருக்கும் சின்னசேலம் கொளஞ்சியப்பனின் பணிவான வணக்கம்!

கைதட்டாதீர்கள். பொறுங்கள். இன்றைக்கு நான் கைதட்டல் வாங்க வரவில்லை. போன வருடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன்.

நினைவிருக்கிறதா? இதே மேடை, இதே மைக். ஜெயம்மாள் எழுந்து நின்று, "மழை பேஞ்சிருக்குதுங்க. சுனைத் தண்ணிய அப்படியே குடிக்காதீங்க. நல்லா கொதிக்க வச்சு, ஆற வச்சுக் குடிங்க" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். நான் விட்டேனா? பிடுங்கினேன் மைக்கை! "வானம் கொடுத்து, பாறை வடித்து, மூலிகை வேரெல்லாம் தழுவி வரும் நீரையா காய்ச்சுவது? தாய்ப்பாலை எந்தத் தாயாவது காய்ச்சுவாளா?" என்று முழங்கினேன். நீங்கள் விசிலடித்தீர்கள். பூசாரி நீட்டிய சொம்பை வாங்கி, மேடையிலேயே மடமடவென்று குடித்துக் காட்டினேன். அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார்.

இந்த ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். திருவிழாவன்று மலையேறி வருகிற ஒவ்வொருவரும் அடுப்பேறாத சுனைத் தண்ணீரை ஒரு டம்ளராவது குடிக்க வேண்டும். உங்கள் ஊர்ச் செவ்வந்தியும் குடித்தாள். நாலு வயது மகள் அம்சவள்ளிக்கும் கொடுத்தாள். மூன்றாம் நாள் அந்தக் குழந்தைக்கு வாந்தி, பேதி. ஊரில் அவளோடு சேர்த்துப் பத்தொன்பது பேர் படுத்தார்கள். குழந்தையைப் போர்வையில் சுற்றி, ஜீப்பில் போட்டு, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சேதி கேட்டு ஓடினேன். வார்டு வாசலில் செவ்வந்தி நின்றிருந்தாள். அவள் என்னைத் திட்டவில்லை, தாய்மார்களே! திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "இன்னாண்ணா இப்படி ஆயிடுச்சு? நீங்க சொன்னீங்கன்னுதானே குடுத்தேன். கூப்ட்டுக்கினே கீறேன், கண்ணத் தொறக்க மாட்டேங்குதே" என்றாள். நாற்பது வருடமாக மேடையில் பேசிப் பிழைக்கும் நான், அந்த வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நாள் பாட்டில் ஏறியது. ஆறாம் நாள் காலையில்தான் குழந்தை "அம்மா" என்றது.

யாரது? வீரமுத்துவா? "ஒனக்கு ஒண்ணும் ஆவலியே" என்கிறாயா? ஆகவில்லைதான்! பஸ் படியில் தொங்கிக்கொண்டு போனவன் விழாமல் வீடு சேர்ந்தால், தொங்குவது பத்திரம் என்று ஆகிவிடுமா? நான் தப்பித்தேன், தம்பி. அவ்வளவுதான்.

பிறகு நானும் ஜெயம்மாளும் சுனைக்கு மேலே ஏறிப் பார்த்தோம். திருவிழாவுக்கு வந்த மாடுகளைக் கட்டியது அங்கே! பாறை மறைவில் கூட்டம் ஒதுங்கியதும் அங்கே! ஒரு மழை போதாதா, அத்தனையும் சுனைக்குள் இறங்க? நீர் அப்போதும் தெளிவாகத்தான் இருந்தது. கூழாங்கல் தெரிந்தது. ஆனால் கிருமி தெரியுமா? தாய்ப்பால் தாயிடமிருந்து நேரே பிள்ளை வாய்க்கு வருகிறது. சுனைத் தண்ணீர் நம் மாட்டையும் நம்மையும் தாண்டி வருகிறது. போன வருடம் இதை யோசிக்காமல் பேசியவன் நான்தான்.

இன்று காலையில் பூசாரியிடம் கெஞ்சினேன். "ஆத்தா தண்ணிய அடுப்புல வச்சா கோவிச்சுக்குவாங்க. குடமெல்லாம் ரொப்பி வச்சாச்சு, அப்படியேதான் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டார். அதோ, பந்தலுக்கடியில் வரிசையாக இருக்கின்றன குடங்கள். இன்னும் அரை மணியில் உங்கள் பிள்ளைகள் வாய்க்கு வரப்போகின்றன. ஆகவே சபையறிய ஒன்று கேட்கிறேன். அய்யா பச்சமுத்து! அம்மனுக்குப் பொங்கல் வைக்கிறீர்களே, எந்தத் தண்ணீரில்? சுனைத் தண்ணீரில்! எதில் வைக்கிறீர்கள்? அடுப்பில்! கொதித்து வழிந்தால்தானே குலவை போடுகிறோம்? கொதிக்காத பொங்கலை ஒரு வருடமாவது படைத்திருக்கிறீர்களா? அம்மனே கொதித்த தண்ணீரைத்தான் ஏற்றுக்கொள்கிறாள்! அவள் பிள்ளைகளுக்கு மட்டும் பச்சைத் தண்ணீரா? எந்தத் தாய் அப்படிக் கேட்பாள்?

சிரிக்காதீர்கள், அவர் யோசிக்கிறார்.

எழுந்துவிட்டார்... பந்தலுக்குப் போகிறார்... குடத்தைத் தூக்குகிறார்... வழி விடுங்கள், வழி விடுங்கள்! பொங்கல் அடுப்பில் இருக்கும் அண்டாவில் ஊற்றிவிட்டார்! போடுங்கள் தாய்மார்களே குலவையை! இப்போது தட்டுங்கள், எனக்கல்ல, ஜெயம்மாளுக்கு! போன வருடம் நான் தட்டிப் பறித்ததையும் சேர்த்துத் தட்டுங்கள்!

என்னைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும், மனம் மாறிய பூசாரிக்கும், பேச இடம் கொடுத்த தலைவருக்கும் நன்றி, வணக்கம். தண்ணீர் தளதளவென்று கொதித்து ஆறும்வரை யாரும் கை நீட்டாதீர்கள். அம்மா செவ்வந்தி, நீ முன்னால் வா. முதல் டம்ளரை உன் கையால் உன் மகளுக்குக் கொடு. இந்தத் தடவை பயப்படாமல் கொடு.