புனலில் கேட்ட சத்தம்

இல்லண்ணே, அளவெல்லாம் எடுக்க வேணாம். நான் துணி தைக்கக் குடுக்க வரல. ஏழாம் வகுப்புல படிக்கிற பாப்பாவோட அப்பா நீங்கதானே? அவ ஸ்கூல்லேருந்துதான் வர்றேன். பயப்படாதீங்க, அவ மேல ஒரு புகாரும் இல்ல.

டீச்சர்னு முழுசா சொல்லிட முடியாது. டீச்சர் வேலைக்குப் படிச்சுக்கிட்டிருக்கேன். அறிவியல். பயிற்சிக்காக உங்க பொண்ணு ஸ்கூலுக்கு அனுப்பிருக்காங்க. குட்டி மிஸ்னு வீட்ல சொல்லிருப்பாளே? ஆமா, அது நான்தான். பாதி பசங்க என்னைவிட உயரம், அதான் அந்தப் பேரு. நீங்க தைங்கண்ணே, தைச்சுக்கிட்டே கேளுங்க.

மொத நாள் நான் பட்ட பாடு இருக்கே. சார்ட்டை மாட்டினா அது ஃபேன் காத்துல பறந்து மொத பெஞ்சு மேல விழுது. எனக்கு வாய்க்கு வாய் சரியா, சரியான்னு வருமா, பசங்க பின்னாடி உக்காந்து பந்தயம் கட்டி எண்ணிருக்காங்க. உங்க பொண்ணுதான் பெல் அடிச்சதும் கிட்ட வந்து, மிஸ், சரியாவைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க, எண்ணுறாங்கன்னு காதுல சொல்லிட்டுப் போனா. அப்பவே அவளை எனக்குப் பிடிச்சுப் போச்சு.

போன செவ்வாக்கிழமை இதயம் பாடம். சும்மா புத்தகத்தை வாசிச்சா யாருக்கு மண்டைல ஏறும்? ரெண்டு பிளாஸ்டிக் புனல் வாங்கி, நடுவுல ரப்பர் குழாயைச் சொருகிக் கொண்டு போனேன். ஒரு புனலை நெஞ்சுல வைக்கணும், இன்னொண்ணைக் காதுல வைக்கணும். பொண்ணுங்க தனியா, பையனுங்க தனியா, ஜோடி ஜோடியா வந்து கேட்டாங்க. லப் டப், லப் டப். ஒரே சிரிப்பு, ஒரே கூத்து.

அப்ப உங்க பொண்ணோட ஜோடி சொல்றா, மிஸ், இவளுக்குள்ள யாரோ ஊதுறாங்கன்னு. உங்க பொண்ணுக்குப் பெருமை தாங்கல. வாங்கடி வாங்கடின்னு எல்லாரையும் கூப்பிட்டு நெஞ்சைக் காட்டுறா. நானும் காதை வச்சேன்.

லப்புக்கும் டப்புக்கும் நடுவுல புஸ்ஸுன்னு ஒரு சத்தம்ணே. சின்ன ஓட்டை வழியா காத்து போற மாதிரி. குழாய்லதான் ஓட்டையோன்னு வேற குழாய் மாட்டிக் கேட்டேன். அதே சத்தம். அடுத்த பொண்ணுகிட்ட வச்சேன், அங்க இல்ல. பெல் அடிச்சுப் பசங்க ஓடினப்புறமும் நான் புனலைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறேன்.

எனக்கு மார்க் போடுற பெரிய மிஸ்கிட்ட போய்ச் சொன்னேன். நீ பாடம் நடத்த வந்தியா, வைத்தியம் பார்க்க வந்தியான்னாங்க. பெத்தவங்களைப் பயமுறுத்தி வைக்காத, ஒழுங்கா மார்க்கை வாங்கிட்டுக் கிளம்புன்னாங்க. அவங்க மேல தப்பு சொல்லல. அந்தச் சத்தத்தை அவங்க கேக்கலையே, நான்தானே கேட்டேன்.

அன்னைலேருந்து அது என்னை விடல. ஹாஸ்டல்ல குழாயைத் திறந்தா அந்தச் சத்தம். பஸ் கதவு மூடினா அந்தச் சத்தம். இப்ப உங்க மிஷின் ஓடுதே, இதுக்குள்ளயும் அதைத்தான் கேட்டுக்கிட்டு நிக்கிறேன். அய்யோ, நிறுத்தச் சொல்லலண்ணே. சரி, விடுங்க.

விளையாட்டுப் பீரியட்ல அவளையே பார்த்துக்கிட்டிருந்தேன். கொஞ்சம் ஓடினதும் செவுத்தோரமா குந்திக்கிறா. கேட்டா ஷூ கடிக்குதுங்கிறா. வீட்ல எப்படி? மாடி ஏறும்போதுமா? சோம்பேறின்னு திட்டுனீங்களா? யாருக்கும் அப்படித்தாண்ணே தோணும். அதைப் போட்டு மனசைக் குழப்பிக்காதீங்க.

நான் டாக்டர் இல்ல. இந்த மாதிரி சத்தம் எல்லாமே ஆபத்து இல்ல, நிறைய பிள்ளைங்களுக்கு வளர வளரத் தானா போயிடும்னும் சொல்றாங்க. ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்லட்டும், அப்புறம் ஸ்கூலுக்கு வந்து நாலு பேர் முன்னாடி என்னைத் திட்டுங்க, வாங்கிக்கிறேன். ஆனா விஷயம் தெரிஞ்சவங்க ஒருத்தர் காதை வச்சுக் கேக்கட்டும். பெரியாஸ்பத்திரில இதயத்துக்குன்னு தனி டாக்டர் இருக்காங்க, விசாரிச்சுட்டேன். இன்னைக்குச் சாயங்காலமும் பார்ப்பாங்களாம். ஸ்கூல் விடுற நேரம்தான், அவளைக் கூட்டிக்கிட்டு நேரா போயிடலாம். அவகிட்ட நான் எதுவும் சொல்லல. இந்தத் துணியை இன்னைக்கே குடுக்கணுமா? தைக்கக் குடுத்த அம்மா நாளைக்கு வாங்கிக்கட்டுமே. ஒரு நாள் பொறுக்க மாட்டாங்களா?

எனக்கா? எனக்கு ஏன் இவ்வளவு அக்கறைன்னு கேக்குறீங்க. கேக்க வேண்டியதுதான்.

எங்க வீட்லயும் அந்தச் சத்தம் இருந்துச்சுண்ணே. என் தங்கச்சிகிட்ட. ரெண்டு பேருக்கும் ஒரே கட்டில். புனலெல்லாம் வேணாம், முதுகுல காதை வச்சாலே கேக்கும். இவ பூனையை முழுங்கிட்டான்னு அப்பா சொல்லுவாரு, அவளும் மியாவ்னு கத்திக்கிட்டு வீட்டைச் சுத்துவா. எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. எனக்கு அதைக் கேட்டாத்தான் தூக்கமே வரும். ஒருநாள் விடியக்காலைல முழிப்பு வந்துச்சு. எதனால முழிச்சேன்னு முதல்ல புரியல. ஒரு சத்தமும் இல்ல.

இருங்கண்ணே, ஷட்டரை ஒத்தையா இழுக்காதீங்க. அந்தப் பக்கம் நான் புடிக்கிறேன்.