வலையில் ஏறிய எண்ணெய்

அலங்கார நாற்காலியில் அமர்ந்திருக்கும் அவைத் தலைவரான எண்ணெய்த் துறை அதிகாரி அவர்களே! வலை பிடித்து வயதான பெரியோர்களே! இறால் உரித்து விரல் தேய்ந்த தாய்மார்களே! உங்களில் ஒருத்தி, இந்த நெரெய்தாவின் வணக்கம்!

ஏரிக்கரையில் இருக்கும் நம் கபிமாஸ் ஊருக்கு எண்ணெயைப் பற்றி யாராவது பாடம் நடத்த வேண்டுமா? நூறு வருடத்துக்கு முன் எண்ணெய்க் கிணறு பீறிட்டு எண்ணெய் மழையாய்க் கொட்டியபோது, நம் முன்னோர் ஊர்ச் சாமி புனித பெனித்தோவின் சிலையைத் தோளில் தூக்கிப் போய், "போதும், நிறுத்தப்பா" என்றார்கள். நின்றது! இன்று நாம், "கொஞ்சம் திறந்துவிடப்பா" என்கிறோம். "முதல்ல ஒரு முடிவுக்கு வாங்கடா" என்று அவர் சிரிக்கமாட்டாரா?

அவரைவிட அழகாக வெளிநாட்டுக்காரன் நிறுத்திவிட்டான். நம் வெனிசுவேலா எண்ணெயை வாங்காதே என்று தடை! கப்பல் வரவில்லை, கப்பல் வராததால் காசு வரவில்லை, காசு வராததால் பெட்ரோல் பிரிக்கும் ஆலைக்கு உதிரிப் பாகமில்லை, ஏரிக்கடியில் போகும் எண்ணெய்க் குழாய்க்கு ஒட்டுப் போட ஆளில்லை. யாரது அங்கே, "துருவையும் சொல்லுக்கா" என்பது? சொல்கிறேன். தடை வருமுன்பே துரு வந்ததே, அது யார் போட்ட தடை? தலைவர் தண்ணீர் குடிக்கிறார், குடிக்கட்டும்.

ஏற்றுமதி நின்றதென்று எவர் சொன்னது? உடைந்த குழாயிலிருந்து நம் மீனவர் எவேலியோ சிரினோஸின் வலைக்குத் தினமும் ஏற்றுமதி ஆகிறதே! அந்தக் கறுப்பைக் கழுவப் பெட்ரோல்தான் வேண்டும். எண்ணெய் ஏரியெல்லாம் மிதக்கிறது, பெட்ரோல் ஒரு சொட்டு இல்லை. கழுவாத வலையில் விழும் இறாலை நாய்கூட முகராது. அந்த ஒற்றை வலையை நம்பித்தான் ஆறு வீட்டு அடுப்பு எரிகிறது.

வலை கழுவப் பெட்ரோல் கேட்டுப் போன எவேலியோவைப் பங்க்கில் காவலர் மறித்தார். "சக்கரம் வச்ச வண்டிக்குத்தான்யா பெட்ரோல். படகுக்குச் சக்கரம் இருக்கா?"

"எங்க சாமிக்கும்தான் சக்கரம் இல்ல. அவரு வந்தா வழிவிட மாட்டீங்களா?" என்று கேட்டார் எவேலியோ.

மறுநாள் அந்த ஆறு வீட்டு ஆட்களோடு படகையே தோளில் ஏற்றி, பெனித்தோ ஊர்வலம்போல் மேளம் முழங்க வந்தார்! வரிசை விலகியது. காவலர் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். படகு பெட்ரோல் குழாயடிக்கே வந்து இறங்கியது. பங்க்காரர் மெல்லச் சொன்னார்: "மச்சான், சாமியே வந்தாலும் இல்லப்பா. காலையிலேயே தீந்துபோச்சு."

சிரிக்கிறீர்கள். அன்று அவர் படகின்மேல் சாய்ந்து அழுதார், நான் பார்த்தேன்.

தலைவர் அவர்களே! விற்கவிடாதவன் கையும் சுத்தம். விற்ற காலத்தில் குழாயைக் கவனிக்காதவர் கையும் சுத்தம். கறுத்தது யார் கை? எவேலியோ இதோ முன்வரிசையில் இருக்கிறார். சற்று முன் அவர் கை நீட்டியபோது, நீங்கள் நெஞ்சில் கை வைத்துச் சிரித்துவிட்டு நகர்ந்தீர்கள். இறங்கும்போது அந்தக் கையைக் குலுக்கிவிட்டுப் போங்கள். கறுப்பு ஒட்டும். கழுவ எங்களிடம் பெட்ரோல் இல்லை.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. கறுத்த கைகள் அத்தனைக்கும் என் வணக்கம்.